பஸ்ஸை முந்திய அத்தை

எங்கள் அத்தை ஒரு காலத்தில் டவுன் பஸ்ஸோடு ஓடி ஜெயித்தவள் என்பது ராஜகீழ்ப்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் பிறப்பதற்கு முன்பே அந்தக் கதை பிறந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்தபோது அது நன்றாக வளர்ந்து, ஊருக்குள் தன்பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தது.

கதையை முழுசாகச் சொல்லக்கூடியவர் ஆட்டோ அண்ணன். சந்திப்பில் இருந்த ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர். காலையில் என்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் தன் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். சிக்னலில் வண்டி நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கதையை ஆரம்பிப்பார். இந்தப் பக்கத்துப் பலசாலிகள் எல்லோரும் அவருக்கு நெருங்கிய சொந்தம் மாதிரி. மாடம்பாக்கத்தில் சேற்றில் புதைந்த பார வண்டியை, மாடுகளை அவிழ்த்துவிட்டு, தானே நுகத்தடிக்குத் தோள் கொடுத்து இழுத்துக் கரையேற்றிய ஒருவர். வேலை முடிந்ததும் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தின்றுவிட்டு, இன்னும் பசி அடங்கவில்லையே என்று அழுதாராம். தாம்பரத்திலிருந்து சானடோரியம் வரை எலக்ட்ரிக் ட்ரெயினுக்குச் சமமாக சைக்கிள் மிதித்த ஒரு பால்காரர். கேன் நிறையப் பால் இருந்தும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தச் சிந்தாத பாலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அண்ணன் திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பார். யாராவது சந்தேகப்பட்டால் அங்கேயே இறக்கிவிடுவார் போலிருக்கும்.

எல்லோருக்கும் கடைசியில், மகுடம் வைத்த மாதிரி, என் அத்தை வருவாள்.

"கோவிலம்பாக்கத்துல இருந்து இங்க வரணும் அக்காவுக்கு. பஸ்ஸு கெளம்பிப் போச்சு. நீயா இருந்தா இன்னா பண்ணுவே? அடுத்த பஸ்ஸுக்கு நின்னுகினு இருப்பே. அக்கா நிக்கல. நன்மங்கலம் காட்டுல பூந்து, ஏரிக்கரையப் புடிச்சி, ஓடியே வந்துச்சு. பஸ்ஸு மேடவாக்கம் சுத்திகினு வந்து நம்ம ஸ்டாப்புல நிக்குது. அக்கா வூட்டுல குந்திகினு தண்ணி குடிச்சிகினு கீது!"

ஆட்டோவில் இருக்கும் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வெளியே பார்ப்பதுபோல அடக்கமாக உட்கார்ந்திருப்பேன்.

மற்றவர்கள் சொல்லும் கதைகளும் இருந்தன. காய்கறிக் கடைக்காரர் சொல்லும்போது, காட்டில் ஒரு மான் அத்தையோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து, முடியாமல் நின்றுவிட்டது. தையல்கடை அக்கா சொல்லும்போது, அந்த பஸ் டிரைவர் அவமானம் தாங்காமல் வேலையை விட்டுவிட்டு, கடைசி வரை எந்த வண்டியையும் தொடவில்லை. அந்த டிரைவருக்காக நான் ஒருநாள் ஜெபம்கூடச் செய்திருக்கிறேன்.

நிஜத்தில் இருந்த அத்தை ஒல்லியானவள். உயரமும் இல்லை. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அவள் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. காலையில் கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் சாப்பாட்டுப் பை, தெருவின் ஓரமாக ஒரு நடை. பஸ்ஸில் ஏறவே மாட்டாள். பஸ் காலியாக வந்து நின்றாலும் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பாள். ஜெயித்தவள் தோற்றுப்போன வண்டியில் எப்படி ஏறுவாள் என்று அதற்கு நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள், முன்னறையில். அத்தைக்கு மட்டும் ஏன் மாமா இல்லை என்று கேட்டால், அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோகும்.

அத்தையிடமே ஒருநாள் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நிஜமாவே பஸ்ஸை முந்தினீங்களா?"

"பஸ்ஸு மெதுவா வந்திருக்கும் பாப்பா."

"செருப்பு போட்டுக்கிட்டா ஓடினீங்க?"

"இல்ல."

"கால் வலிக்கலையா?"

"அப்ப வலிக்கல," என்றாள். அப்பாவின் சட்டை ஒன்றை மடித்து வைத்தவள், என்ன நினைத்தாளோ, அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

இவ்வளவு போதுமானதாக இருந்தது எனக்கு. மறுநாள் வகுப்பில் போய், செருப்பில்லாமல் ஓடியதையும் வலிக்காததையும் கதையில் சேர்த்துச் சொன்னேன். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கணக்கு வராது. பாட்டு வராது. என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இந்த அத்தையை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

அதைக் கெடுக்க வந்தவன் எங்கள் வகுப்பில் படித்த ஒரு டிரைவர் மகன். அவனுடைய அப்பா தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் பஸ் ஓட்டுபவர். எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவனைப் பார்த்தாக வேண்டும். அவன் நேராக வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவையே கேட்டுவிட்டு வந்தான்.

"எங்கப்பா சொல்லிட்டாரு. மனுஷனால முடியவே முடியாது. உங்க அத்தை ரீல், நீ ரீல், உங்க ஆட்டோக்காரரும் ரீல்."

பஸ் டிரைவரே சொல்லிவிட்ட பிறகு என் பக்கம் யார் இருப்பார்கள்? என் பக்கத்தில் உட்காரும் பெண்கூட அன்று மதியம் அவள் டப்பாவிலிருந்து எனக்கு எதுவும் தரவில்லை. அன்றிலிருந்து என் பெயர் ரீல் என்று ஆனது.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை குடும்ப விளையாட்டு விழா நடத்துவார்கள். ஆலயத்தை ஒட்டிய மைதானத்தில் சாமியானா போட்டு, பெரியவர்களுக்கு மியூசிக்கல் சேர், பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டம், ஆண்களுக்குக் கயிறு இழுத்தல் என்று சாயங்காலம் வரை போகும். மைதானத்தின் கேட்டைத் தாண்டினால் வேளச்சேரி ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்த வருடம் அறிவிப்புக்கு ஆட்டோ அண்ணனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நெற்றியில் விபூதியோடு வந்து, மைக்கைப் பிடித்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மைக் டெஸ்டிங்" என்றதும் பாஸ்டரே சிரித்துவிட்டார்.

அத்தை இந்த விழாக்களில் எதிலும் கலந்துகொள்ள மாட்டாள். சாமியானாவின் ஓரத்தில் நின்று பேப்பர் கப்புகளில் லெமன் ஜூஸ் ஊற்றிக் கொடுப்பாள். அன்றும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெண்களுக்கான ஓட்டப் பந்தயம் என்று அறிவிப்பு வந்தது. சிலர் புடவையைச் செருகிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டு போய் நின்றார்கள். அண்ணன் சும்மா இருப்பாரா?

"நம்ம ஏரியாவுல பஸ்ஸையே முந்துன அக்கா ஒருத்தங்க இங்க கீறாங்க. அவங்க இல்லாத இது இன்னா பந்தயம்? அக்கா, ஜூஸை வெச்சிட்டு உடனே வரவும்!"

கைதட்டல் கிளம்பியது. அத்தை தலையை ஆட்டி, முடியாது என்று கையைக் காட்டினாள். டிரைவர் மகன் எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தான். "பாத்தியா, வராது," என்றான்.

நான் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்தேன். "ஒரே ஒரு தடவை அத்தை. ஸ்கூல்ல என்னை ரீல்னு கூப்பிடுறாங்க."

"யாரு?"

காட்டினேன். ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டு நின்ற அவனை அத்தை பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் அதற்குள் கன்னத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"சீ, இதுக்குத்தான் அழுவுறியா?" என்று முந்தானையால் துடைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் ஓரமாக வைத்தாள்.

கயிறு இழுக்கும் கூட்டத்திலிருந்து அப்பா வேகமாக வந்தார். உள்ளங்கையெல்லாம் மண். "வேணாம்க்கா. விடு," என்றார்.

"பாப்பா ஆசைப்படுறா. சும்மா ஒரு ஓரமா ஓடிட்டு வந்துடுறேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அக்கா தோற்றுவிடுவாளோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

விசில் ஊதினார்கள். அத்தை சொன்னபடியே ஓரமாகத்தான் ஓடினாள். பாடகர் குழுவில் இருக்கும் பருமனான ஆன்ட்டிக்கும் பின்னால், சிரித்தபடி, பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறவள் மாதிரி. டிரைவர் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பாதி தூரம் போய்விட்டது. என் மானமும் பாதி போய்விட்டது.

அப்போதுதான் மைக்கில் அண்ணன் கத்தினார். "அக்கா, பின்னாடி பஸ்ஸு வருதுக்கா! பஸ்ஸு வருது! வுடாத, ஓடு!"

கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. பஸ் வருது, பஸ் வருது என்று எல்லோரும் கைதட்டிக் கத்தினார்கள். எல்லோரையும்விட உரக்க நான் கத்தினேன்.

அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலை லேசாகக் குனிந்தது, இரண்டு கைகளும் மூடிக்கொண்டன. அதற்குப் பிறகு அவள் ஓடியதைப் போல யாரும் ஓடி நான் இன்றுவரை பார்த்ததில்லை. டிவியில் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிறவர்களின் கண்ணில் எட்டப்போகிற கோடு தெரியும். அத்தையின் கண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. முன்னால் ஓடிய ஒவ்வொருவரையும் வழியில் இருக்கும் மரத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டினாள். முடிவில் இரண்டு பெண்கள் பிடித்திருந்த ரிப்பன், அவள் இடுப்பில் சிக்கி, கூடவே கொஞ்ச தூரம் போய், கீழே விழுந்தது.

அவள் நிற்கவில்லை.

கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டி, கேட்டை நோக்கி ஓடினாள். கூட்டம் இதையும் ரசித்தது. விசில் அடித்தார்கள். "அக்கா, போதும், ஜெயிச்சிட்ட!" என்று அண்ணன் மைக்கில் சிரித்தார். அத்தை கேட்டுக்கு வெளியே போய்விட்டாள். ரோட்டில் ஒரு தண்ணி லாரியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. தொடர்ந்து பிரேக் கிறீச்சிட்டது. மைதானத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது.

அப்பா அதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருந்தார். நானும் அவர் பின்னால் ஓடினேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே எனக்குப் பின்னால் வந்தாள். லாரி குறுக்கே திரும்பி நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிகினு வந்துட்டியாம்மா?" என்று வெறும் ரோட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தை மேல் லாரி படவில்லை. அவள் அந்தப் பக்கம் எங்கள் தெருவுக்குள் போய்விட்டிருந்தாள்.

வீட்டுக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அத்தையிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். அப்பா படியேறி நின்று மூச்சு வாங்கினார். தட்டுவார் என்று பார்த்தேன். தட்டவில்லை. கதவில் உள்ளங்கையை மட்டும் வைத்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான். கதவைத் திறக்கா."

அப்பா கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"நான் மட்டும்தான்கா வந்திருக்கேன். வேற யாரும் இல்ல. அவன் வரல."

"நானும் இருக்கேனேப்பா," என்றேன். அப்பா திரும்பாமலேயே என் தலையில் கை வைத்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. ஓடிக் களைத்த குரல். ஆனால் அது எனக்குத் தெரிந்த அத்தையின் குரலாகவும் இல்லை. சின்னப் பெண் பேசுவதுபோல இருந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லிட்டேனா?"

தாத்தா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஹாலில் அவர் படம்தான் இருந்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லிட்டக்கா," என்றார் அப்பா. "அப்பா நம்பிட்டாரு. எல்லாத்தையும் நம்பிட்டாரு. நீ கதவைத் திற."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பந்தயத்தில் ஜெயித்ததைத் தாத்தாவின் படத்திடம் முதலில் சொல்வதற்காகத்தான் அத்தை இவ்வளவு அவசரமாக வந்திருக்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பல வருடங்கள் கழித்து, எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கதையின் மறுபாதியைச் சொன்னார்.

அத்தையைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதன் அடிப்பான். அத்தை முன்பும் அங்கிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவனும் பின்னாலேயே வந்து, தாத்தாவின் எதிரில் பணிவாக உட்கார்ந்து, அவளுக்குத்தான் கோபம் அதிகம், வாய் அதிகம் என்று தணிந்த குரலில் சொல்வான். அழுதுகொண்டே அத்தை பேசுவது யாருக்கும் சரியாகப் புரியாது. அவன் பேசுவது புரியும். தாத்தாவே மகளை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

கடைசி முறை அவன் அடித்துவிட்டு, வேறொரு ஆளோடு அவளைச் சேர்த்து ஒரு கதை கட்டினான். இதை இப்போதே போய் உன் அப்பாவிடம் சொல்கிறேன், அப்புறம் அந்த வீட்டுக் கதவும் உனக்குத் திறக்காது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அவன் முதலில் போய்ப் பேசிவிட்டால் தன் பேச்சு எடுபடாது என்று அத்தைக்குத் தெரியும். பின்வாசல் வழியாக இறங்கிக் காட்டுக்குள் புகுந்தாள்.

அவள் வந்தபோது அப்பா வாசலில் இருந்தாராம். பள்ளிக்கூடத்துப் பையன். காலெல்லாம் முள்ளும் ரத்தமுமாக வந்த அக்கா, நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல், நேராகத் தாத்தாவின் முன்னால் போய் நின்று, அழாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திரும்பி முதுகைக் காட்டினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் வந்து சேர்ந்தபோது, தாத்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவன் வெகுநேரம் தட்டினான். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் போன பிறகு தாத்தா வெளியே வந்து நின்றார். என்ன விஷயம் என்று கேட்டார்கள். தமாஷாகப் பேசியே பழக்கமில்லாத தாத்தா அன்று சிரித்தபடி, "ஒண்ணுமில்ல, எம் பொண்ணு பஸ்ஸோட பந்தயம் வெச்சு ஓடி வந்திருக்கா. பஸ்ஸு தோத்துப்போச்சு," என்றாராம்.

கதவைத் தட்டியவனை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனால் தாத்தா கொடுத்த கதையை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். வாயிலிருந்து வாய்க்குப் போனதில் அவன் உதிர்ந்துபோனான். பஸ்ஸும் காடும் மிஞ்சின. மான் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் தெரியாத நான் அந்த விழா நாளின் சாயங்காலம் உலகத்திலேயே சந்தோஷமான பெண்ணாக இருந்தேன். அத்தை முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் ஏதோ குத்தியிருந்த காலை அம்மா வெந்நீரில் கழுவிவிட்டாள். ஆட்டோ அண்ணன் முதல் பரிசான பிளாஸ்டிக் பக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பேஜார் பண்ணிட்டேன்க்கா. லாரியப் பாத்ததும் எனக்கு உசுரே இல்ல," என்று தலையைச் சொறிந்தார். கூடவே டிரைவர் மகனும் வந்திருந்தான். சட்டையைத் திருகிக்கொண்டே, "சாரி ஆன்ட்டி. எங்கப்பா பஸ்கூட உங்ககிட்ட தோத்துடும்," என்றான். அத்தை அவனுக்கு பிஸ்கட் கொடுக்கச் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ரிப்பன் தாண்டினதும் ஏன் அத்தை நிக்கல?"



"எங்க நிக்கணும்னு தெரியல பாப்பா."

இதைவிடப் பெரிய வீரப்பேச்சை நான் கேட்டதே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். நாளைக்கு வகுப்பில் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வாசலில் நின்றிருந்த அப்பா மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தும் வழக்கம் இல்லை. கொசு வருகிறதோ என்னவோ என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டு அத்தையின் மடியில் தலையைச் சாய்த்தேன். அவள் கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஓடிய களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.